வடகரையில் நிற்கும் வேன்

என் வீடு ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வேண்டிய வேன் ஆற்றுக்கு வடக்கே போய் நின்றுகொண்டிருந்தது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வருடம் எனக்கிருந்த ஒரே உத்தியோகம்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒன்றுவிட்டு ஒரு நாள் கும்பகோணம் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியிருந்தது. காலை முறையில் ஜன்னலோரக் கட்டில் எனக்கு. அது காலியாகுமா என்று வராந்தாவில் காத்திருக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். நானும் மாதக்கணக்கில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தான். ஒருவர் அடிக்கடி வராமல் போனால் அவருடைய கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். நியாயமான விதி. என் பக்கம் திரும்பாத வரைக்கும் ரொம்ப நியாயமான விதி.

எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேனை விட்டால் வழியில்லை. பஸ்ஸில் போய்விடலாம், திரும்பி வர முடியாது. இயந்திரத்திலிருந்து எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி, கால் இரண்டும் வேறு யாருடையதோ போலிருக்கும். மனைவி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வாரத்தில் மூன்று நாள் விடுப்பு எடுத்தால் அவளுக்கு வேலை மிஞ்சாது. நல்லவேளையாக ஓர் அறக்கட்டளை எங்களைப் போன்றவர்களுக்காக இலவசமாக வேன் விட்டிருந்தது. சேரும்போது எந்தக் காகிதமும் கேட்கவில்லை. போனில் அவர்களுடைய செயலியைத் திறந்து வீட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தால் போதும், முகவரியை அதுவே போட்டுக்கொள்ளும் என்றார்கள். வைத்தேன். அது என்ன போட்டுக்கொண்டது என்று நான் பார்க்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு வீட்டு முகவரியை யார் சரிபார்ப்பார்கள்?

முதலில் இது பெரிய தொல்லையாக இல்லை. வேன் எதிர்க்கரைக்குப் போகும். டிரைவர் கூப்பிடுவார். "சார், பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன், எங்க இருக்கீங்க?" என்பார். "பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர்ல, ஆத்துக்கு இந்தப் பக்கம்ங்க" என்பேன். பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் ஆற்றுக்குள் குழாய் பதித்து, மண் கொட்டி, ஒரு மாற்றுப்பாதை போட்டிருந்தார்கள். வேன் அதில் குலுங்கிக் குலுங்கி வந்துவிடும். டிரைவர் ஒவ்வொரு தடவையும் ஏதோ நான்தான் வேண்டுமென்றே ஆற்றைக் குறுக்கே போட்டுவைத்த மாதிரி முறைப்பார். நானும் பதிலுக்கு முறைப்பேன். அப்படியே ஓடியது.

பிறகு ஆற்றில் தண்ணீர் வந்தது.

டெல்டாவில் பிறந்தவன் ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்த்து வயிறெரிந்தான் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். குறுவைக்கு நாற்று விட்டிருந்தவர்களெல்லாம் கரையில் நின்றார்கள். பெண்கள் பூவைத் தூவினார்கள். நுரையும் செத்தையுமாக முன்தண்ணீர் வந்து மாற்றுப்பாதையை முட்டியது. கொஞ்ச நேரம் தேங்கியது. பிறகு ஓரத்தை அரித்து, நடுவை அறுத்து, குழாயை உருட்டிக்கொண்டு போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கத் தடை. இப்போது பார்க்கவும் பிடிக்கவில்லை.

அடுத்த முறை வேன் வந்தபோது எதிர்க்கரையில் அது தெளிவாகவே தெரிந்தது. ஹாரன் சத்தம் தண்ணீரின் மேல் நடந்து வந்தது. மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கரை வரைக்கும் கூட்டிப் போயிருந்தாள். டிரைவர் இறங்கி வந்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"சார்! ஆபீஸ்ல இந்த எடத்ததான் குடுத்திருக்காங்க!"

"வலங்கைமான் பாலம் வழியாச் சுத்தி வாங்க!" என்று நானும் கத்தினேன். மூச்சு வாங்கியது.

அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே மற்ற நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் கட்டில் உண்டு, நேரம் உண்டு. சுற்றி வந்தால் எல்லோருக்கும் தாமதம். கையை விரித்துக் காட்டிவிட்டு ஏறினார். வேன் போய்விட்டது. அவர்மேல் வந்த கோபத்தை விட, அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்ததுதான் அதிகம் எரிந்தது.

ஒரு முறை தவறினால் உடம்பு உடனே கணக்குக் கேட்கும். அன்று சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஜெபம் பண்ணினாள். மறுநாள் ஆட்டோ பிடித்து வலங்கைமான் வழியாகப் போனோம். யாரோ ஒருவர் அன்று வரவில்லை. அந்த இடத்தில் என்னைப் படுக்க வைத்தார்கள். ஊசி போடும் நர்ஸம்மா, "இன்னிக்கு எடம் இருந்துச்சு. அடிக்கடி இப்படின்னா கஷ்டம் சார். வெளிய எத்தன பேரு காத்திருக்காங்க, உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். அவர் சொன்னதில் கோபமே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

அன்று படுத்தபடியே அறக்கட்டளை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். பேசியது ஓர் இளம்பெண். குரலில் அத்தனை மரியாதை.

"சார், சிஸ்டத்துல உங்க அட்ரஸ் வடகரைன்னுதான் சார் வருது."

"அது தப்பும்மா. என் வீடு தென்கரை."

"அப்ப பாயிண்ட மாத்தி வச்சிருங்க சார்."

மாற்றி வைத்தேன். படத்தைப் பெரிதாக்கி, என் வீட்டு மொட்டைமாடியில் கறுப்பாகத் தெரியும் தண்ணீர்த் தொட்டியின் மேலேயே வைத்தேன். முதல்முறையாக அது எழுதிக் காட்டிய முகவரியைப் படித்தேன். தெருவின் பெயர் சரி. அதற்குக் கீழே எதிர்க்கரை ஊரின் பெயர். அதற்குக் கீழே கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம். நான் வலங்கைமான் வட்டத்தில் பிறந்து வளர்ந்து நோயாளியும் ஆனவன். ஒரு புள்ளி என்னைத் தூக்கி ஆற்றைத் தாண்டி வைத்துவிட்டது.

மறுபடி அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அந்தச் செயலி புள்ளியை அப்படியே டிரைவருக்கு அனுப்பாதாம். புள்ளியை முகவரியாக மாற்றும். முகவரியை டிரைவருக்கு அனுப்பும். அவர் போனில் அந்த முகவரி மறுபடி புள்ளியாக மாறும். முதல் மாற்றத்தில் நான் ஆற்றைத் தாண்டினேன். இரண்டாவது மாற்றத்தில் வடகரை பஸ் ஸ்டாப்பில் போய் விழுந்தேன். இந்த இரண்டு வேலையையும் செய்வது யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஒரு வரைபடத்தின் தேடல் சேவை. "அப்படின்னா நானே திருத்தலாமா?" என்று கேட்டேன். "தெரியலையே சார்" என்றாள் அந்தப் பெண், பாவம்.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நோய் வருவதற்கு முன் நான் உரக் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆள். திருவையாற்றிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் பைக்கில் அலைந்தவன். எந்த மதகில் திரும்பினால் எந்த ஊர், எந்த வாய்க்கால் கரை கோடையில் தாங்கும், எது மழையில் ஆளை விழுங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஊரார் வீட்டையெல்லாம் தேடிப் பிடித்தவனுடைய வீட்டை ஒரு வேன் பிடிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

ஆகவே கட்டிலிலேயே வேலையைத் தொடங்கினேன். இடது கையில் ஊசி இருக்கும். அந்தக் கையை அசைக்கக்கூடாது. வலது கையில் போன். நாலு மணி நேரம் ஒரு கட்டைவிரல் மட்டும்தான் சுதந்திரமாக இருக்கும். அந்த ஒரு விரலால் நான் எங்கள் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

முதல் சந்தேகம் தூரத்தின் மேல். இயந்திரம் காக்கை பறக்கிற தூரத்தைப் பார்த்து, எந்த ஊரின் பெயர் கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது போல என்று நினைத்தேன். பார்த்தால் எங்கள் ஊரின் பெயரை எவரோ தெற்கே வயல்வெளியில் கொண்டுபோய் நட்டிருந்தார். வடகரையின் பெயரோ கரையை ஒட்டியே இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். கையை ஆட்டக்கூடாது என்று நர்ஸம்மா அதட்டினார். ஊர்ப் பெயரை வயலிலிருந்து பிடுங்கி, ஊர் நடுவில் எங்கள் சபைக் கோவிலுக்குப் பக்கத்தில் நட்டேன். காத்திருந்தேன். அடுத்த டயாலிசிஸில் பார்த்தால் முகவரி மாறவே இல்லை. இன்னும் வடகரைதான்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்றால், எதிர்வீட்டுத் தம்பியின் பைக்கில். அவர் என்னைப் பின்னால் உட்காரவைத்து வலங்கைமான் சுற்றி வடகரையில் கொண்டுபோய் விடுவார். அங்கே வேன் ஏறுவேன். திரும்பும்போதும் அப்படியே. ஒரு நாள் திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் முதுகில் முகத்தைப் புதைத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வண்டியை நிறுத்தி என்னை இறக்கிப் புல்லில் உட்கார வைத்தார். மனைவியிடம் அவர் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டார். "இனிமே பைக்ல போறதா இருந்தா என்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் அவள். அப்படியென்றால் போகாதே என்று அர்த்தம். பைக்கும் போயிற்று. மறுபடி ஆட்டோ, மறுபடி விடுப்பு, தலைமையாசிரியரின் முகம். ஒரு நாள் ஆட்டோவும் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை கட்டிலைத் தவறவிட்டேன்.

வீடு, ஆறு, கட்டில். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று இடித்தது. எலிப்பொறியில் இருக்கிற எலிக்காவது மசால்வடை உண்டு, எனக்கு உப்பில்லாத இட்லி.

வெறுத்துப்போய் ஒரு நாள் ஊரில் இருக்கிற ஒவ்வொன்றின் மேலும் புள்ளி வைத்துப் பார்த்தேன். என் வீடு: வடகரை. எதிர்வீடு: வடகரை. பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு, தெரு முழுக்க வடகரை. ஆனால் தெருமுனையில் இருக்கும் கோவிலின் மேல் வைத்தால் எங்கள் ஊர்ப் பெயர் சரியாக வந்தது. கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்துக்கும் சரியாக வந்தது. பால் சொசைட்டிக்கும் சரியாக வந்தது. மனிதர்கள் குடியிருக்கிற வீடு மட்டும் தப்பு, யாரும் குடியிருக்காத கட்டடம் எல்லாம் சரி! நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரம் காரணம் என்றால் கோவிலும் தவறியிருக்க வேண்டும். அது என் வீட்டை விட ஆற்றுக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சேவையில் ஒரு முகவரியின் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது விளங்கவில்லை. வரைபடக்காரர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் போய் முறையிட்டேன். எந்த நாட்டிலோ இருக்கும் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதினார். சாரம் இதுதான்: உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டின் மேலும் அது எந்த ஊர் என்று கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதியிருந்தால் இயந்திரம் தூரத்தையும் எல்லையையும் பார்க்காது, எழுதியதையே நம்பும். அந்த வீடு அந்த ஊரின் பிள்ளையாகிவிடும்; வட்டமும் மாவட்டமும் அந்த ஊருடையதே வந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளூர்க்காரர்களிடம் வீடு வீடாகக் கேட்டு எழுதியது போலத் தெரிகிறது, ஆகவே நான் தொட மாட்டேன், நீங்கள் உள்ளூரா?

ஆமாம் என்று அடித்தேன். அத்தனை கோபத்தோடு அந்த வார்த்தையை யாரும் அடித்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். "நம்ம தெருவுல வீடு வீடா வந்து யாராச்சும் அட்ரஸ் கேட்டாங்களா?"

அவள் யோசித்தாள். "காலேஜ் புள்ளைங்க வந்துச்சே, போனக் கையில வச்சிக்கிட்டு. நீங்க அப்ப உரம் விக்க லைனுக்குப் போயிருந்தீங்க. தண்ணி கூடக் குடுத்தனே."

"என்ன கேட்டாங்க?"

"எந்த ஊருன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

அவள் வடகரையின் பெயரைச் சொன்னாள். கொஞ்சமும் சந்தேகமில்லாமல், நிமிர்ந்து நின்று சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்சு வலிக்கிற மாதிரி சிரித்தேன்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க? நம்ம ஊர் பேரச் சொன்னா எவனுக்குத் தெரியும்? வெளியாளு கேட்டா பஸ் ஸ்டாப்பதான சொல்லுவோம்?"

அதுதான் விஷயம். இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்க்காரர்கள் வெளியாளிடம் தங்கள் ஊரைச் சொல்லவே மாட்டார்கள். எங்கே பஸ் நிற்குமோ அந்த ஊரைச் சொல்வார்கள். கேட்கிறவன் தஞ்சாவூர்க்காரன் என்றால் பஸ் ஸ்டாப்; சென்னைக்காரன் என்றால் கும்பகோணம். நீடாமங்கலம் என்று சொன்னவர் அங்கே ரயில் ஏறுகிறவராக மட்டும் இருப்பார். சொந்த ஊர்ப் பெயர் என்பது கல்யாணப் பத்திரிகைக்கும் சாவுச் சேதிக்கும் உரியது. உரம் விற்ற காலத்தில் இதனால் நான் எத்தனை தடவை ஏமாந்திருப்பேன்! ஊர் இது என்று போவேன்; அங்கே போனால், அவர் இங்கே பஸ் ஏறுகிறவர், வீடு ஆற்றுக்கு அந்தாண்டை என்பார்கள். எங்கள் பாலம் நன்றாக இருந்த காலத்தில் எங்களுக்குப் பஸ் வடகரையில்தான். அதனால் தெரு முழுக்க, ஒரு வீடு பாக்கியில்லாமல், அந்தப் பிள்ளைகளிடம் வடகரை என்று சொல்லியிருக்கிறது. கோவிலும் பள்ளிக்கூடமும் சொசைட்டியும் பேசாதவை. அவற்றுக்கு மட்டும் போர்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். போர்டில் ஊர்ப் பெயர் இருந்தது.

அடுத்த டயாலிசிஸில் தெரு முழுவதையும் திருத்தினேன். ஒவ்வொரு வீடாகத் தொட்டு, வடகரையை அழித்து, எங்கள் ஊரின் பெயரை எழுதினேன். என் வீட்டை மட்டும் திருத்தியிருந்தால் போதும். ஆனால் ஆத்திரம் தெருவோடு நின்றதே பெரிது. பிறகு புள்ளி வைத்தேன். எங்கள் ஊர், வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம். கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. புதுப் புள்ளியை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த முறை வேன் வலங்கைமான் சுற்றி, தெருவுக்குள் நுழைந்து, எங்கள் வாசலில் வந்து நின்றது. தெருவே வெளியே வந்து பார்த்தது. எதிர்வீட்டுத் தம்பி, "என்னண்ணே, கலெக்டர் மாதிரி ஏறுறீங்க" என்றார். டிரைவர் கூடச் சிரித்தார். அன்று ஊசி குத்தியது கூடத் தெரியவில்லை. மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள், நிம்மதியாக, முழு நாளும்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள்.

"சார், உங்க அட்ரஸ் மாறியிருக்கு சார்."

"மாறலம்மா. சரியாயிருக்கு."

"சார்... திருவாரூர் மாவட்டம்னு வருது."

"ஆமா. அதான் சரி."

அவள் கணினியில் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "நம்ம வேன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரங்களுக்கு மட்டும்தான் சார். வேன் வாங்கிக் குடுத்தவங்க அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. உங்கள எப்படி எடுத்தாங்கன்னே தெரியல. மேல பேசிப் பாக்குறேன் சார்."

பேசிப் பார்த்தாள். அவளால் முடிந்ததை நிச்சயமாகச் செய்திருப்பாள். மாத முடிவு வரைக்கும் ஏற்றிக்கொள்கிறோம், அதற்குமேல் முடியாது என்று பதில் வந்தது. இனிமேல் வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துத்தான் சேர்ப்பார்களாம். திருவாரூர்ப் பக்கம் விசாரித்தேன். அங்கே கட்டிலுக்கே வரிசை நின்றது, பெஞ்சிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த அந்தத் தப்பு முகவரிதான் என்னை உயிரோடு வைத்திருந்தது. அதை ஒரு விரலால், கஷ்டப்பட்டு, தெருவோடு சேர்த்து அழித்துவிட்டேன்.

அன்று கட்டிலில் மறுபடி போனை எடுத்தேன். என் வீட்டைத் தொட்டு, ஊர்ப் பெயரை அழித்து, வடகரை என்று எழுதினேன். சேமிக்கும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றது. அன்றைக்கு மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எழுதிட்டா?" என்றாள்.

"வேன் வரும்."

"எங்க வரும்? வடகரைக்கு. வீட்டப் பாக்க ஆளும் அங்கதான் வருவான். நடுவுல ஆறு கெடக்கே, அத எத வச்சு அழிப்பீங்க?"

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு கை கட்டுண்டு கிடக்கும்போது கத்துவது கூடச் சரியாக வராது. விரலை எடுத்தேன்; எழுதியதைச் சேமிக்காமல் விட்டேன். அவள் போனை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"வேன் அங்கதான் வரும்னா, நாமளும் அங்க போயிடுவோம்" என்றாள். ஏற்கெனவே விசாரித்திருந்தாள். வடகரையில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. அவள்தான் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிக்கொண்டு போய் வர வேண்டும். 

"பாலம் முடியட்டும், திரும்பிடலாம்" என்றாள் பிறகு, என்னைப் பார்க்காமல்.

பாலம் முடிந்தாலும் எங்கள் வீடு திருவாரூர் மாவட்டத்தில்தான் இருக்கும். இயந்திரம் வேண்டும் வரைக்கும் வேன் வேண்டும். வேன் வேண்டும் வரைக்கும் நான் வடகரைக்காரனாக இருக்க வேண்டும். இயந்திரம் எது வரைக்கும் வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளுக்கும் தெரியும். இருவரும் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மாத முடிவுக்குள் மாறினோம். ஒரு கட்டில், அடுப்பு, அவளுடைய பைபிள், என் மருந்துப் பெட்டி, கொஞ்சம் பாத்திரம். டெம்போ வலங்கைமான் சுற்றி வந்தது. சாமான் ஏற்றும்போது தெருக்காரர்கள் வந்து நின்று, ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் போறது நல்லதுதான் என்றார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டுத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேலி பேசவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறக்கட்டளையிலிருந்து ஆள் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த அறையின் மேல் புள்ளி வைத்தேன். தஞ்சாவூர் மாவட்டம் என்று முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

முதல் நாள் காலை அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஆறும், தூண்கள் மட்டும் நிற்கிற பாலமும், அதற்கு அப்பால் எங்கள் தெருவின் தென்னைகளும் தெரிந்தன. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தது. வேன் வந்து, போன் அடிக்காமல், ஹாரன் அடிக்காமல், நேராக என் முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி, வழக்கமான முறைப்பு இல்லாமல் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

"இப்பதான் சார் உங்க அட்ரஸ் சரியா இருக்கு" என்றார்.

மனைவி என் தோளைப் பிடித்தாள், நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று. நான் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஆற்றுப் பக்கம் பார்க்காத ஜன்னலாகத் தேடி உட்கார்ந்தேன்.